அம்மப்பாவின் கமராவில் ஒரு கறுப்புப் பட்டை

கேள்வி: வணக்கம் ஐயா. நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அம்மப்பாவின் பென்டக்ஸ் கே1000 கமரா கிட்டத்தட்ட முப்பது வருடம் அலுமாரிக்குள் தோல் உறையோடு கிடந்தது. புதுப் பற்றரி போட்டு, 400 பிலிம் ஒன்று வாங்கிப் படம் எடுத்தேன். காலிமுகத்திடலில் மத்தியான வெய்யிலில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டை. லென்ஸை 11 இல் வைத்து, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் ஊசி நடுவுக்கு வரும்வரை ஸ்பீடைத் திருப்பித்தான் எடுத்தேன். வீட்டுக்குள் யன்னலோரம் எடுத்தவை நன்றாக வந்திருக்கின்றன. சித்தியின் மகனுடைய பிறந்தநாளுக்கு ஃபிளாஷ் பூட்டி எடுத்தவற்றில் சிலவற்றில் பாதிப் படத்தையே காணவில்லை. ஒரு கடையில் காட்டினேன். "ஷட்டர் போச்சு, வேற ஒண்டு வாங்குங்கோ" என்றார்கள். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று யூடியூபில் ஒருவர் செய்து காட்டுகிறார். விடலாமா? இன்னொன்று: நான் முதன்முதல் கமராவைத் திறந்தபோது உள்ளே அம்மப்பா போட்ட பிலிம் ஒன்று இருந்தது. தெரியாமல் திறந்துவிட்டு உடனே மூடி, சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். அது இனி ஒன்றுக்கும் உதவாதா?

பதில்:

எண்ணெய் விடாதீர்கள், பிள்ளை. மற்றதைப் பிறகு கதைப்போம். போத்தலை எடுத்து மேசையில் வைத்திருந்தால், அதைத் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்து இதை வாசியுங்கள்.

"ஷட்டர் போச்சு" என்று சொல்வது லேசு. கமராவைக் கையில் வாங்காமலே சொல்லலாம். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். திரை கிழிந்தது, ஸ்பிரிங் முறிந்தது, பல்சக்கரம் தேய்ந்தது என்று உண்மையாகவே போன ஷட்டர் என் மேசைக்கு வருவது குறைவு. வருகிறவற்றில் பெரும்பங்கு ஓடாமல் கிடந்து இறுகியவை. அல்லது யாரோ எண்ணெய் விட்டவை.

உங்கள் கடிதம் எனக்குப் பிடித்தது. எந்த வெளிச்சம், லென்ஸ் எத்தனையில், எந்தப் படம் சரி, எது பிழை என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அநேகம் பேர் "படம் சரியா வரேல்ல" என்று மட்டும் சொல்லிக் கமராவை நீட்டுவார்கள். நீங்கள் ஸ்பீடை மட்டும் எழுதவில்லை. பரவாயில்லை, அதை நான் சொல்கிறேன்: 1000. நேர் வெய்யிலில் லென்ஸை 16 இல் வைத்தால், பிலிமின் எண்ணுக்குக் கிட்டிய ஸ்பீட் பொருந்தும் என்பது மீட்டர் இல்லாத காலத்து வாய்ப்பாடு. 400 பிலிமுக்கு 16 இல் 500 போதும். லென்ஸின் எண் குறைந்தால் அதன் துவாரம் பெரிதாகும். நீங்கள் 11 இல் வைத்தீர்கள், வெளிச்சம் இரட்டிப்பாகிவிட்டது. ஊசியை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பீடையும் இரட்டிப்பாக்கத்தான் வேண்டும். டயலில் அந்த இடத்தில் இருப்பது 1000, அதாவது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் இந்தக் கமராவில் கிடையாது.

வீட்டுக்குள் யன்னலோரம் என்றால் 60 அல்லது 30 ஆக இருந்திருக்கும். ஆக, மெதுவான ஸ்பீடில் கமரா ஒழுங்காக நடக்கிறது, உச்சியில் ஏற்றினால் முரண்டு பிடிக்கிறது. பட்டை படத்தின் குறுகிய பக்கத்தோடு ஒட்டி நேராக நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கமராவைக் காணாமலே ஓரளவுக்கு உறுதியாகச் சொல்லலாம்: இரண்டாம் திரை முதலாம் திரையை எட்டிப் பிடிக்கிறது.

அது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது விளங்கினால் மிச்சச் சோதனைகள் எல்லாம் தானாக விளங்கும்.

கே1000 இன் ஷட்டர் என்பது இறப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள். பிலிமுக்கு முன்னால் பக்கவாட்டில் ஓடுபவை. ஒன்று திறக்கும், மற்றது மூடும். 60 உம் அதற்குக் கீழும் என்றால் முதல் திரை முழுதாக ஓடி முடித்து, பிலிம் முழுவதும் வெளிச்சம் பட்ட பிறகே இரண்டாவது கிளம்பும். 125 இலிருந்து மேலே கதை வேறு. முதலாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பின்னால் துரத்தத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்று இடைவெளி. அந்தக் கீற்றுத்தான் பிலிமின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு வெளிச்சத்தைத் தடவிக்கொண்டு போகிறது. ஸ்பீட் கூடினால் திரை வேகமாக ஓடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, திரையின் ஓட்டம் எப்போதும் ஒன்றுதான், கீற்றுத்தான் ஒடுங்குகிறது. இந்த வகைத் திரை 36 மில்லிமீற்றர் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு செக்கனின் எழுபதில் ஒரு பங்கு எடுக்கும் என்று வையுங்கள். அப்படியென்றால் 1000 இல் கீற்றின் அகலம் இரண்டரை மில்லிமீற்றர். ஒரு நெருப்புக்குச்சியின் தடிப்பு.

அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று துரத்தும்போது முன்னால் போகிறது வழியில் கொஞ்சம் தளர்ந்தால் போதும். பின்னால் வருகிறது முட்டிவிடும், கீற்று அடைபடும், மிச்ச ஓட்டம் இருட்டில் நடக்கும். உங்கள் கறுப்புப் பட்டை அந்த இருட்டு. அதே தளர்ச்சி 30 இலும் இருக்கிறது. ஆனால் அங்கே முதல் திரை கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் முழுத்திறப்பு அப்படியே இருக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டுப் படங்கள் தப்பியது இதனால்தான்.

முதல் திரை ஏன் தளர்கிறது? திரைகள் சுற்றியிருக்கும் உருளைகளின் அச்சில் தொழிற்சாலை தொட்டுவைத்த எண்ணெயும் கிறீஸும் இத்தனை வருடத்தில் பிசினாகிவிடும். அதில் புழுதி ஒட்டும். வெள்ளவத்தை வீடு என்கிறீர்கள், கடல் எத்தனை அடி? உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்தில் இருக்கும் கமரா இதையெல்லாம் ஓரளவு உதறிவிடும். அலுமாரிக்குள் கிடப்பது உதறாது.

சரி, பிறந்தநாள் படங்களுக்கு வருவோம். அது வேறு விசயம், அநேகமாகப் பழுதே இல்லை. ஃபிளாஷ் ஒரு கணத்துக்குள் மின்னி அணைந்துவிடும். அந்தக் கணத்தில் பிலிம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். முழுத் திறப்பு 60 வரைதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? நீங்கள் சில படங்களை 125 இல் எடுத்திருப்பீர்கள். அந்த ஸ்பீடில் மின்னும் கணத்தில் பாதியளவுதான் திறந்திருக்கும், மிச்சப் பாதி திரைக்குப் பின்னால். டயலில் 60 க்குப் பக்கத்தில் எக்ஸ் என்ற எழுத்தைத் தேடுங்கள், அது இதற்கான அடையாளம். அடுத்த முறை 60 இல் வைத்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் பாதி காணாமல் போனால் எனக்கு எழுதுங்கள், அப்போது யோசிப்போம். ஒரே ரோலில் ஒரு பழுதும் ஒரு பழக்கக் குறையும் சேர்ந்து வந்தபடியால்தான் அந்தக் கடைக்காரருக்கும் எல்லாமே ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

பற்றரியைப் பற்றி ஒரு வசனம்: இந்தக் கமராவில் அது மீட்டர் ஊசிக்கு மட்டும். கழற்றி எறிந்தாலும் ஷட்டர் ஓடும். 1976 இல் வந்து 1997 வரை செய்யப்பட்ட கமரா, இன்றைக்கும் மாணவர்கள் தேடிப் பிடிப்பதற்கு அது ஒரு காரணம். லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள், மீட்டருக்கு வேறு சுவிட்ச் கிடையாது.

இனி, நான் சொன்னதை நம்பாமல் நீங்களே பாருங்கள். பிலிம் விற்கிற விலைக்கு முதல் சோதனையைப் பிலிமில் செய்யக்கூடாது.

கமராவை வெறுமையாக்கிப் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெளிச்சமான வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். சூரியனை அல்ல, வானத்தை. உங்கள் கண் பிலிம் இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால். முறுக்கி, 1000 இல் வைத்து அழுத்துங்கள். ஒழுங்கான ஷட்டர் என்றால் சட்டம் முழுவதும் ஒரு வெளிச்ச மின்னல் தெரியும். உங்களுடையதில் ஒரு கரை இருட்டாகவே நிற்கும் என்பது என் ஊகம். பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு 500, 250, 125 என்று இறங்கி வாருங்கள். இருட்டுக் கரை எந்த ஸ்பீடில் மறைகிறது என்று ஒரு துண்டில் எழுதுங்கள். 1000 இல் மட்டும் இருந்தால் லேசான இறுக்கம். 250 இலும் இருந்தால் கமரா நன்றாகவே இறுகிப்போய்விட்டது. காலையில் முதல் தடவை அழுத்தும்போது எப்படி, இருபது தடவைக்குப் பிறகு எப்படி என்றும் பாருங்கள். ஓட ஓடப் பட்டை மெலிந்தால் பிசின்தான் காரணம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இதெல்லாம் செய்யும்போது திரையில் விரல் படக்கூடாது. ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

அடுத்தது காதால். டயலை 1 இல் வைத்து அழுத்துங்கள். உள்ளே வண்டு இரைவது போல ஒரு சத்தம் வரும். ஒரு சின்னப் பல்சக்கரக் கூட்டம் இரண்டாம் திரையைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆறுதலாக விடுகிற சத்தம் அது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுருதியில் இருக்க வேண்டும். நடுவில் இழுத்தாலோ, நின்று யோசித்துப் பிறகு ஓடினாலோ, அங்கேயும் பிசின். அளந்து பார்க்க உங்கள் போன் போதும். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோ இருந்தால், அதைப் பின்பக்கத்தில் வைத்து, ஷட்டர் திறந்து மூடுவதை எடுங்கள். வெளிச்சம் தெரிகிற படங்களை எண்ணுங்கள். 1 இல் 240 வர வேண்டும், 4 இல் 60, 8 இல் 30, 30 இல் 8. எண்ணுகிறது அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு பின்னேரத்தில் முடியும். 125 க்கு மேலே இந்த வழி சரிவராது, போன் அவ்வளவு வேகம் இல்லை.

வேகமான ஸ்பீடுக்கு என்னிடம் அளக்கும் கருவி இருக்கிறது. ஆனால் அது வருவதற்கு முன்னால் நான் வருடக்கணக்காகப் பாவித்தது பழைய ரி.வி. தட்டையானது அல்ல, முதுகு பெருத்த, தூக்க இரண்டு பேர் வேண்டிய அந்தக் காலத்து ரி.வி. யாருடைய வீட்டுச் சாமான் அறையிலாவது கிடக்கும், கேட்டுப் பாருங்கள். அதன் திரையில் படம் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. ஒரு புள்ளி ஒளி இடமிருந்து வலமாகக் கோடு கீறி, கோடு கோடாக மேலிருந்து கீழே இறங்குகிறது, செக்கனுக்கு 15,625 கோடு. அறையை இருட்டாக்கி, பின்கதவு திறந்த கமராவை ரி.வி. திரைக்குக் கிட்டப் பிடித்து, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு 500 இல் அழுத்துங்கள். ரி.வி. வெளிச்சம் கீழே இறங்க, உங்கள் கீற்று குறுக்கே ஓட, இரண்டும் சேர்ந்து சாய்வான ஒரு ஒளிப்பட்டை கண்ணில் பதியும். நல்ல ஷட்டரில் அந்தப் பட்டை நுனியிலிருந்து நுனி வரை ஒரே தடிப்பு. இறுகியதில் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மெலியும். உங்களுடையதில் 1000 இல் மெலிந்து மெலிந்து இல்லாமலே போகும். முதல் தடவை கண்ணுக்குப் பிடிபடாது, பத்தாவது தடவை பிடிபடும். நான் வேலை பழகியபோது மாஸ்டர் இதைக் காட்டித் தந்தார். கணக்கு எதுவும் சொல்லவில்லை. "பட்டை வடிவா இருந்தா கமரா வடிவா இருக்கு" என்றார், அவ்வளவுதான். பெருக்கிப் பார்த்து 1000 இல் ஏறத்தாழ பதினாறு கோடு, 500 இல் முப்பத்தொன்று என்பதை நான் கண்டுபிடிக்கப் பல வருடம் சென்றது.

வேறு சில குறிகளையும் சொல்லிவைக்கிறேன், நீங்கள் இந்தப் பக்கம் இன்னும் பழைய கமராக்கள் வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும், இது அப்படி ஒரு தொற்று. இருட்டுப் பட்டை படத்தின் நீளப் பக்கத்தோடு கிடையாக வந்தால் துணித்திரை ஷட்டரைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி, படம் எடுக்கும் கணத்தில் உரிய நேரத்துக்குள் மேலே எழும்பவில்லை. கண்ணாடி மோதுகிற இடத்தில் இருக்கும் ஸ்பஞ்ச் வயதாகித் தார் மாதிரி ஒட்டும், அதுவும் ஒரு காரணம். ஆனால் நைக்கோன் எஃப்எம் போல உலோகத் தகடுகள் மேலும் கீழும் ஓடும் ஷட்டர் என்றால் கணக்குத் தலைகீழ். அங்கே கிடைப் பட்டைதான் திரையின் பிழை. ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் பொட்டு வந்தால் துணியில் ஊசித்துளை. சொர்க்கி, ஃபெட் போன்ற பழைய சோவியத் கமராக்களில் லென்ஸுக்கும் திரைக்கும் இடையில் கண்ணாடி கிடையாது. லென்ஸ் மூடி இல்லாமல் வெய்யிலைப் பார்க்க மேசையில் வைத்தால், சூரியன் பூதக்கண்ணாடி வேலை செய்து துணியைப் பொசுக்கிவிடும். அந்தக் கமராக்களில் முறுக்கிய பிறகுதான் ஸ்பீடை மாற்ற வேண்டும். முறுக்காமல் மாற்றினால் உள்ளே முறியக்கூடும்.

உங்கள் கமராவில் துளை இருக்கிறதா என்று பார்ப்பது லேசு. இரவில் விளக்கை அணைத்து, பின்கதவைத் திறந்து, பின்பக்கமிருந்து ரோர்ச் அடியுங்கள். முன்னாலிருந்து, பஞ்சுக் குச்சியால் கண்ணாடியின் விளிம்பை மட்டும் மெதுவாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாருங்கள். கண்ணாடியின் முகத்தில் தொடாதீர்கள். நட்சத்திரம் மாதிரிப் புள்ளிகள் தெரியாவிட்டால் துணி நன்றாக இருக்கிறது. துணி நன்றாக இருந்தால் கமராவுக்கு ஆயுள் இருக்கிறது.

இப்போது எண்ணெய்க் கதை. நான் எண்பதுகளில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்டூடியோவின் யாஷிகா மாற் வந்தது, இரண்டு லென்ஸ் வைத்து மேலே குனிந்து பார்க்கிற பெட்டிக் கமரா. அதன் ஷட்டர் திரை அல்ல, லென்ஸுக்குள்ளே பூவிதழ் போல விரியும் மெல்லிய தகடுகள். மெதுவான ஸ்பீடில் இழுத்தது. மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். நான் கெட்டித்தனம் காட்ட, ஊசி நுனியில் தொட்டு ஒரு சொட்டு, அதே தையல் மெஷின் எண்ணெய்தான், விட்டேன். கடிகாரம் மாதிரி ஓடியது. பின்னேரமே கொடுத்துவிட்டோம். அந்தச் சொட்டு பல்சக்கரத்தில் நிற்கவில்லை. ஒரு கிழமைக்குள் தகடுகளுக்கு நடுவில் ஊர்ந்துவிட்டது. நனைந்த இரண்டு கடதாசியை ஒட்டவைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள், தகடுகளுக்கு அதுதான் நடந்தது. சனிக்கிழமை கல்யாணம். ஷட்டர் திறந்தது, மூட மனமில்லாமல் மூடியது. நெகட்டிவ் எல்லாம் அட்டைக்கரி. அடுத்த கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பவும் கூறைச்சேலையும் பட்டுவேட்டியும் உடுத்தி, வாடின மாலைக்குப் பதில் புது மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் வந்து நின்றார்கள். மாலைக் காசு என் சம்பளத்தில் போனது.

உங்கள் துணித்திரைக்கு எண்ணெய் இன்னும் மோசம். அது ஊறி இறப்பர்ப் பூச்சைக் கெடுக்கும். லைட்டருக்கு விடுகிற திரவத்தை ஊற்றச் சொல்லும் வீடியோக்களும் இருக்கின்றன. அதே வகைத் திரவத்தால் நானும் துடைக்கிறேன், ஆனால் கழற்றிய பகுதியில், ஈர்க்கு நுனி அளவில். மூடிக் கிடக்கிற கமராவுக்குள் ஊற்றினால் பழைய அழுக்கெல்லாம் கரைந்து, போகக்கூடாத இடத்தில் போய்ப் படியும். அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை இறுக்கும் திருகைத் திருப்பினால் பட்டை மறையும் என்றும் யாராவது சொல்வார்கள். மறையும்தான். ஆனால் பிசின் அப்படியே இருக்க ஸ்பிரிங்கை முறுக்குவது, பிறேக் பிடித்தபடி ஓடுகிற வண்டிக்கு இன்னும் பெற்றோல் அமத்துகிற வேலை. அப்படித் திருப்பிய கமரா வந்தால் எனக்கு வேலை இரட்டிப்பு, ஏனென்றால் முதலில் எங்கே இருந்தது என்ற அடையாளமே போயிருக்கும்.

திருத்தக் கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: ஷட்டரை அளந்து, வேலைக்கு முன் என்ன, பின் என்ன என்று எழுதித் தருவீர்களா? சட்டத்தின் இரண்டு கரைகளிலும் அளக்க வேண்டும், நடுவில் மட்டும் அளந்தால் உங்கள் பழுது பிடிபடாது. அளக்கக் கருவி இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். இறுக்கம் மட்டும்தான் என்றால் துப்புரவாக்கி, அச்சுகளுக்கு மிகக் கொஞ்சம் சரியான எண்ணெய் தொட்டு, பிறகு ஸ்பிரிங்கைச் சமன்செய்கிற வேலை. திரையை மாற்ற வேண்டும் என்றால் அது பெரிய வேலை, அப்போது காசையும் கமராவையும் நிறுத்துப் பாருங்கள். திருத்தி வந்ததும் 1000 என்பது சரியாக 1000 ஆக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 700 என்று அளவு வந்தாலும் அரை ஸ்டொப் பிசகுதான் (வெளிச்சம் இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டொப்). நெகட்டிவ் பிலிம் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்லைட் பிலிம் போடுகிறவர்கள்தான் அதற்குக் கவலைப்பட வேண்டும். ஆனால் இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அதுவரைக்கும் கமராவை மூடி வைக்கத் தேவையில்லை. 100 பிலிம் போடுங்கள். வெய்யிலில் லென்ஸ் 11 இல் என்றால் 250, 16 இல் என்றால் 125. வானத்தைப் பார்த்துச் செய்த சோதனையில் அந்த ஸ்பீடுகள் தப்பியிருந்தால் காலிமுகத்திடலுக்குத் தாராளமாகப் போகலாம். ஒரு ரோல் முழுதாகச் சோதனைக்குச் செலவழிக்க மனம் இருந்தால், நிழல் விழுந்த ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, 1000 க்கு லென்ஸ் 4, 500 க்கு 5.6, 250 க்கு 8, 125 க்கு 11, 60 க்கு 16 என்று இரண்டிரண்டு படம் எடுங்கள். பட்டியலை எழுதி வையுங்கள். எல்லாவற்றிலும் சேருகிற வெளிச்சம் ஒன்றுதான், ஆகவே நெகட்டிவ்கள் ஒன்றுபோல இருக்க வேண்டும். எங்கே பிசகுகிறதோ அங்கே ஸ்பீட் பிசகு. பிலிம் கழுவும் இடத்தில் போனுக்கு அனுப்புகிற படங்களோடு திருப்திப்படாமல் நெகட்டிவைக் கையில் வாங்குங்கள். மெஷின் தானாக வெளிச்சத்தைச் சரிபண்ணிவிடும், நெகட்டிவ் அப்படிச் செய்யாது. படத்தில் கறுப்பாக இருக்கிற பட்டை அங்கே ஒன்றும் பதியாத வெறும் பிலிமாகத் தெரியும்.

தோல் உறையைத் தூக்கி வேறிடத்தில் வையுங்கள். நம்முடைய ஈரக்காற்றில் தோலும் துணியும் பூஞ்சணத்துக்கு வீடு, அங்கிருந்து லென்ஸுக்குப் போக அதற்கு அதிக நாள் எடுக்காது. நன்றாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு தகரம் வையுங்கள். ஷட்டரை முறுக்கிய நிலையில் வைக்காமல், அழுத்தி விட்டுவிட்டு வையுங்கள். மாதத்துக்கு ஒருக்கால் எடுத்து எல்லா ஸ்பீடிலும் ஓட்டுங்கள்.

அம்மப்பாவின் பிலிம். இப்படி அரைகுறையாக ஓடிய ரோலோடு வரும் கமராக்கள் எனக்குப் பழக்கம். எண்பத்துமூன்றில் வீட்டை விட்டுப் போனவர்கள் அலுமாரிக்குள் விட்டுப்போனது என்று சொல்லிக்கூட வந்திருக்கிறது. நீங்கள் கதவைத் திறந்த கணத்தில் வெளியே தெரிந்த சில படங்களும், சுருளின் மேல் சுற்றும் போயிருக்கும். அதற்கு அடியில் சுற்றுக்குள் சுற்றாக இருந்ததற்கு வெளிச்சம் முழுதாக எட்டியிருக்காது. ஆனபடியால் எறியாதீர்கள். முப்பது வருடச் சூட்டில் கலர்ப் பிலிமின் நிறம் கெட்டு மங்கியிருக்கும். இயந்திரத்தில் போட்டுக் கழுவக் கொடுத்தால் வெறும் பழுப்புத்தான் வரக்கூடும். கறுப்பு-வெள்ளை மருந்தில் கையால் கழுவுகிற ஒருவரிடம், இது பழைய கலர்ப் பிலிம், வெளிச்சமும் பட்டது என்று இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். நிறம் வராது, உருவம் வர வாய்ப்பு இருக்கிறது. அதுவரை டப்பாவோடு காற்றுப்புகாத பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில், மீன் இல்லாத தட்டில் வையுங்கள். வெளியே "திறக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். உங்கள் அம்மா சுத்தம் பண்ணுகிறவராக இருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள்.